தட்டும் சேதியும்: சோற்றைக் குறைத்த நண்பர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் கொஞ்சம் பேர், ஆளுக்கொரு ஊர். நாகர்கோவில், ஈரோடு, சென்னை, பெங்களூர், ஒருவர் மஸ்கட். சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை இதையெல்லாம் குறைத்துச் சாப்பிடுகிறோம் என்பதுதான் எங்களைச் சேர்த்த விஷயம், பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. மத்தியானத் தட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவோம், கூடவே வீட்டுச் சேதியும். புதிதாக யார் வந்தாலும் முதல் வாரத்தில் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வீட்டில் சமைக்கிற ஆள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அக்கா, லோ கார்ப்னா என்ன? இனிமே சோறே கிடையாதா?

மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவாக. காய், கீரை, முட்டை, மீன், கறி, பனீர், தேங்காய் எல்லாம் வயிறு நிறைய. அவ்வளவுதான். நாளுக்கு 130 கிராம் மாவுச்சத்துக்குக் கீழே என்றால் பொதுவாக லோ கார்ப் என்கிறார்கள், 50 கிராமுக்குக் கீழே போனால் கீட்டோ. அந்தக் கீட்டோ முதலில் எடை குறைக்க வந்ததே இல்லை, 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைத்த உணவுமுறை. எங்களில் கீட்டோக்காரர்கள் ரொம்பக் குறைவு, 80, 100 கிராமில் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

சோறே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று போட்டுக்கொண்டால் 300 கிராம் சாதாரணமாகப் போய்விடும், அங்கேயே 80ஐத் தாண்டியாச்சு. நம் நாட்டில் ஒருவர் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு சொல்கிறது. நம் தட்டைப் பார்த்தாலே தெரியுமே, சோறு மலையாக, பொரியல் ஊறுகாய்க்குத் துணையாக ஓரத்தில். நாங்கள் அதைத் திருப்பிப் போடுகிறோம். ஒரு கரண்டி சோறு வைத்துக்கொள்பவர்கள் இங்கே நிறையப் பேர், யாரும் அவர்களை முறைப்பதில்லை.

மத்தியானம் சரி. காலையில இட்லி தோசை இல்லாம என்னத்தைச் சாப்பிடுறது?

எல்லோருக்கும் இடிக்கிற இடம் இதுதான். நடுத்தர இட்லி ஒன்றில் சுமாராகப் பத்து கிராம் வரும், நாலு இட்லி நாற்பது. இட்லிக்குப் பதில் இட்லி மாதிரியே வேறொன்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதைவிட, மத்தியானச் சாப்பாட்டைக் காலைக்கு இழுத்து வருவது சுலபம். முந்தின நாள் குழம்பு மீனைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர் எங்களில் இருக்கிறார். பனீர் பொடிமாஸ், பொட்டுக்கடலை சேர்க்காத தேங்காய்ச் சட்னியோடு ஆம்லெட், அவித்த முட்டையில் மிளகுத்தூள், இப்படித்தான் ஓடுகிறது.

எங்களுக்குள் அதிகம் சுற்றி வந்தது முருங்கைக்கீரை முட்டை. நல்லெண்ணெயில் சீரகம், நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கிள்ளிய வற்றல் மிளகாய். கீரையை ஈரம் உதறிப் போட்டு, மூடாமல், கரண்டிக்காம்பால் கிளறிக்கொண்டே இருந்தால் கட்டிபிடிக்காது. கீரை வெந்து வாசனை மாறின பிறகுதான் முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும், முன்னாலேயே ஊற்றினால் கீரை நறநறவென்று நிற்கும். உப்பைக் கொஞ்சம் கம்மியாகப் போடுங்கள், கீரை சுருங்கினதும் கைப்பிடிதான் மிஞ்சும்.

காபி, டீயை மறந்துவிடாதீர்கள். 200 மில்லி பாலில் கிட்டத்தட்ட பத்து கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை இருக்கிறது, ஒரு டீஸ்பூன் சர்க்கரை இன்னொரு நாலு கிராம். "நான் ஒண்ணுமே சாப்பிடல, டீ மட்டும்தான்" என்று சொல்கிறவர்கள் எத்தனை டீ என்று எண்ணிப் பார்க்கலாம். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று போகாதீர்கள், ருசி வேறு, ரத்தத்தில் இரண்டும் சர்க்கரைதான்.

தினமும் அதே புடலங்காய்ப் பொரியல், அதே முட்டை. இதைப் போய்ப் படம் எடுத்துப் போடணுமா?

அதைத்தான் போட வேண்டும். கிரில் பண்ணின சால்மனும் அவகேடோவும் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் டப்பாவில் என்ன எடுத்துப்போனீர்கள், ராத்திரி ஒன்பது மணிக்குக் களைப்பாக வந்து எதைப் பிரட்டிச் சாப்பிட்டீர்கள் என்பதுதான் இன்னொருவருக்கு உதவும். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், முட்டைகோஸ், வாழைத்தண்டு: சந்தையில் மலிவாகக் கிடைக்கிற இவற்றை வைத்தே ஒரு வாரம் ஓட்ட முடியும் என்று புதிதாக வருபவர் நம்ப வேண்டும் என்றால் அந்தச் சலிப்பான தட்டுகளை அவர் பார்க்க வேண்டும்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: என்னென்ன, எவ்வளவு, எந்த எண்ணெய். "கூட்டு" என்று மட்டும் எழுதினால் அதில் பாசிப்பருப்பு ஒரு பிடியா ஒரு டம்ளரா என்று தெரியாது. தராசு வேண்டாம், கரண்டிக் கணக்கு போதும். அப்புறம் சாப்பிடுவதற்கு முன்னால் எடுங்கள், பாதி கடித்த கோழிக்கால் படங்களை இதுவரை பார்த்ததே போதும்.

தினை, சாமை, கேழ்வரகு எல்லாம் போடுறேன், யாரும் ஒரு லைக் கூடப் போட மாட்டேங்குறீங்களே?

கோபம் வேண்டாம். சிறுதானியம் நல்ல உணவுதான், நார்ச்சத்து அதிகம், தீட்டின அரிசிக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் மாவுச்சத்துக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் சமைக்காத அரிசிக்கு 100 கிராமில் 78 என்றால் சாமை, வரகு, கேழ்வரகு எல்லாம் 65, 67 என்று நிற்கின்றன. சோற்றுக்குப் பதில் அதே அளவு வரகு வைத்துக்கொண்டு "லோ கார்ப்" என்று எழுதினால், அதை நம்பி சுகர் உள்ள ஒருவர் இரண்டாவது தடவை வாங்கிப் போட்டுக்கொள்வார். "வரகு, இரண்டு கரண்டி" என்று எழுதுங்கள், லைக் என்ன, ஹார்ட்டே போடுகிறோம்.

நான் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டேன். எனக்கு இங்க என்ன வேலை?

எங்களில் மூன்றில் ஒரு பங்கு சைவம்தான், புரட்டாசி வந்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். பனீர், தயிர், மோர், தேங்காய், நிலக்கடலை, பாதாம், டோஃபு, காளான், எல்லாக் கீரையும், மண்ணுக்கு மேலே காய்க்கிற பெரும்பாலான காய்களும் உங்கள் பக்கம். அவியலில் உருளை, சேனை, வாழைக்காயை எடுத்துவிட்டுப் பூசணி, அவரை, கத்திரி, முருங்கைக்காய் என்று போட்டுப் பாருங்கள், சோறு இல்லாமலே ஒரு கிண்ணம் இறங்கும். வெண்பூசணி மோர்க்குழம்பும் அப்படித்தான், கெட்டித்தன்மைக்கு அரிசியை விட்டுவிட்டுத் தேங்காயைக் கூட்டி அரைத்தால் போதும்.

சிக்கல் புரதத்தில்தான். பருப்பு புரதம்தான் என்றாலும் துவரம்பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, சாம்பாரைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்து அதை ஈடுகட்ட முடியாது. பனீர் 100 கிராமில் 18 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். பி12 வைட்டமினை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், சைவர்களுக்கு அது குறைவது ரொம்பச் சாதாரணம், எந்த உணவுமுறையில் இருந்தாலும் சரி.

காலிஃபிளவர் சாதம் எல்லாருக்கும் உதிரியா வருது, எனக்கு மட்டும் கூழாயிடுது. ஏன்?

தண்ணீர். பூவை வெந்நீரில் போட்டுப் புழு போக்குகிறீர்கள், சரி, அப்புறம் ஈரத்தோடேயே மிக்சியில் போடுகிறீர்கள். துணியில் பரப்பிக் காயவிடுங்கள், ராத்திரியே செய்துவைத்தால் இன்னும் நல்லது. மிக்சியை ஓடவிடக் கூடாது, ஒரு திருப்பு, நிறுத்து, ஒரு திருப்பு, நிறுத்து. இல்லையென்றால் தேங்காய்த் துருவியில் துருவுங்கள். அகலமான சட்டி, பெரிய தீ, மூடி போடவே கூடாது, நாலைந்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும்.

ரசம் ஊற்றிச் சாப்பிட இது லாயக்கில்லை என்பது என் கருத்து. தயிர்சாதம் மாதிரி தாளித்தோ, எலுமிச்சை, புளிக்காய்ச்சல் கலந்தோ சாப்பிட்டால் பரவாயில்லை. ரசத்தை டம்ளரில் குடித்துவிடுங்கள்.

ஒரே வாரத்துல மூணு கிலோ போயிடுச்சு! எல்லாருக்கும் சொல்லலாமா?

சொல்லுங்கள், சந்தோஷம்தானே. ஆனால் அடுத்த வாரமும் மூணு கிலோ என்று எதிர்பார்க்காதீர்கள். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மாவுச்சத்தைக் குறைத்ததும் கிளைக்கோஜன் தீர்ந்து அந்தத் தண்ணீர் முதலில் வெளியேறும். முதல் வாரத்தில் போவது பெரும்பாலும் அதுதான், கொழுப்பு மெதுவாகத்தான் கரையும்.

அதே காரணத்தால்தான் முதல் சில நாட்கள் தலைவலி, கிறுகிறுப்பு, கால் பிடிப்பு. தண்ணீரோடு உப்பும் வெளியே போகிறது. உப்புப் போட்ட மோர், எலும்பு சூப், ரசம் குடித்தால் பலருக்குச் சரியாகிவிடும். பிரஷர், கிட்னி, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் உப்பைக் கூட்ட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் கீரையும் தண்ணீரும் போதவில்லை என்று அர்த்தம், கூச்சப்படாமல் கேளுங்கள், இங்கே எல்லோரும் அதைத் தாண்டி வந்தவர்கள்தான்.

நான் சுகர் மாத்திரை போடுறேன். இதை ஆரம்பிச்சா மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?

நீங்களாக எப்போதும் நிறுத்தக் கூடாது. இன்னொன்று, டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, இதைப் பலர் யோசிப்பதில்லை. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் மருந்தின் அளவு கூடுதலாகிவிடும், சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழே இறங்கலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" என்று முடிகிற மாத்திரைகளில் வேறொரு ஆபத்து: மாவுச்சத்து ரொம்பக் குறைந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், அப்போது சர்க்கரை அளவு கிட்டத்தட்ட சரியாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் எங்களுக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடை குறையக் குறைய பிரஷர் மாத்திரையின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

டைப் 1 சர்க்கரை, கிட்னி நோய், கர்ப்பம், பாலூட்டல், பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள், இவர்களுக்கு நாங்கள் எதையும் குறைக்கச் சொல்ல மாட்டோம். யாராவது தனிச்செய்தியில் சொன்னால் என்னிடம் சொல்லுங்கள்.

பகிர்வதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். "மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று தனியாக எழுதக் கூடாது, "டாக்டர் பார்த்து அளவைக் குறைச்சார்" என்பது முழுசாக வர வேண்டும். கொண்டாட்டத்தில் பாதியை விழுங்கிவிட்டு எழுதினால் படிக்கிற அடுத்த ஆள் மீதிப் பாதியைத் தானாக நிரப்பிக்கொள்வார்.

ரிப்போர்ட் போட்டா என்னன்னு பார்த்துச் சொல்வீங்களா?

எண்ணுக்கு என்ன பெயர் என்று சொல்லலாம், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாது. ஹெச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். ரத்தசோகை இருந்தால் இந்த எண் தப்பாகக் காட்டலாம். கொழுப்பு ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு இறங்கி, கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் ஏறுகிறவர்கள் சிலர் உண்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று இங்கே யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். யூரிக் அமிலமும் ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறலாம், கவுட் என்கிற மூட்டு வீக்க நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

போடுவதற்கு முன்னால் பெயர், போன் நம்பர், பார்கோடு, லேப் எண் எல்லாவற்றையும் மறையுங்கள். எண்களை மட்டும் தட்டச்சு செய்து போட்டாலே போதும், அதுதான் எனக்குப் பிடித்தது.

வீட்டுல எனக்குன்னு தனியா சமைக்க முடியல. மாமியார் வேற "இது என்ன நோயாளிச் சாப்பாடு"ங்குறாங்க.

தனியாகச் சமைக்காதீர்கள், பத்து நாளில் வெறுத்துவிடும். குழம்பும் பொரியலும் எல்லோருக்கும் ஒன்றுதான், பொரியலை மட்டும் இரண்டு மடங்கு செய்யுங்கள். அவர்கள் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள், நீங்கள் பொரியலோடு சாப்பிடுங்கள். நெத்திலி வறுவல், சுறாப்புட்டு, கோழி மிளகு வறுவல், கத்திரிக்காய் கொத்சு, இதிலெல்லாம் நோயாளிச் சாப்பாடு எங்கே இருக்கிறது?

மாமியாரிடம் கிராம் கணக்குப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. நாகர்கோவில் தோழி ஒருவர், அவருடைய அத்தையிடமே சுறாப்புட்டுப் பக்குவம் கேட்டு, அத்தை பூண்டு தட்டிப்போட்டு உதிர்க்கிற கையை மட்டும் படமெடுத்து எங்களுக்கு அனுப்பினார். "உன் சிநேகிதங்க என்ன சொன்னாங்க?" என்று இப்போது அத்தைதான் முதலில் கேட்கிறாராம். எல்லா வீட்டிலும் இது நடக்கும் என்று சொல்லவில்லை. சில வீடுகளில் ஒரு கரண்டி சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டால்தான் அமைதி, அதுவும் சரிதான், முதல் கேள்வியைப் பாருங்கள்.

சாப்பாடு பேசுற இடத்துல காதுகுத்து, ட்ரான்ஸ்ஃபர், பையன் மார்க்கு எல்லாம் எதுக்கு? வேற குழு ஆரம்பிச்சுடலாமே?

இதை இரண்டு பேர் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டார்கள். பிரிக்க முடியாது என்பதுதான் என் பதில். ஒருவரின் தட்டில் நாலு நாளாகப் பரோட்டா, பார்சல் இட்லி, பன் என்றே வந்துகொண்டிருந்தது. யாரோ கிண்டலாக ஒரு வரி எழுதினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில், இவர் வராந்தாவில் படுத்துக்கொண்டிருக்கிறார். சேதியை முதல் நாளே சொல்லியிருந்தால் கிண்டல் வந்திருக்காது, உதவி வந்திருக்கும்: கேன்டீனில் இரட்டை ஆம்லெட், அவித்த முட்டை, மோர், டீக்கடைக் கடலை, வாசலில் வெள்ளரிக்காய் என்று நாலு பேர் நாலு யோசனை சொல்லியிருப்பார்கள். கடைசியில் அதே ஊர்க்காரர் ஒருவர் டப்பாவில் கோழி வறுவல் கொண்டுபோய்க் கொடுத்தார், அது வேறு விஷயம்.

புது வேலை, ராத்திரி ஷிஃப்ட், வீடு மாற்றம், பரீட்சை, சண்டை, எது வந்தாலும் முதலில் மாறுவது தட்டுதான். சேதி தெரியாமல் தட்டை மட்டும் பார்த்தால் அரைகுறையாகத்தான் புரியும். அதற்காக ஒரு நாளைக்கு நாற்பது குட்மார்னிங் படங்கள் வேண்டாம், அதற்கும் சேதிக்கும் சம்பந்தமில்லை.

வீட்டுல ஒரு சாவு. சாப்பாட்டுப் படங்களுக்கு நடுவுல அதைச் சொல்லலாமா?

சொல்லலாம். அன்றைக்குத் தட்டுப் படங்களை நாங்கள் நிறுத்திவைத்துவிடுவோம். பதில் எழுதுகிறவர்களுக்கு: ஸ்டிக்கர் போடாதீர்கள், ஒரு வரி சொந்தமாக எழுதுங்கள். என்ன வியாதி, எத்தனை வயது, எப்படி ஆச்சு என்று குழுவில் கேட்காதீர்கள். தெரிந்தவர் என்றால் போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் விடுங்கள்.

காரியம் முடிகிற வரை அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்றால் அது போதும். சுகர் மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும், நெருங்கியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு "நேரத்துக்கு மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொள்ளலாம்.

கல்யாணத்துல இலையில உட்கார்ந்து எல்லாம் சாப்பிட்டேன். அதையும் போடணுமா?

போடுங்கள், நாங்களும் பார்த்து ஏங்குகிறோம். அடுத்த தடவைக்கு வேண்டுமானால்: பொரியல், கூட்டு, அவியல், பச்சடி, மோர் இவை இலையிலேயே இருக்கின்றன, பரிமாறுகிறவரிடம் இரண்டாவது தடவை கேட்டு வாங்குங்கள். பிரியாணி வீடு என்றால் துண்டும் முட்டையும் வெங்காயப் பச்சடியும். ஜாங்கிரியை ருசி பார்க்க வேண்டும் என்றால் ஒன்றை நாலு பேர் பிட்டுக்கொள்ளலாம். மணமக்கள் படத்தை அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள், இலையை மட்டும் போட்டால் போதும்.

என் தங்கச்சி லோ கார்ப் மாவு, பிஸ்கட்டு செஞ்சு விக்கிறா. லிங்க் போடலாமா?

வேண்டாம். ஒருவருக்கு விட்டால் பத்து பேர் வருவார்கள். பொதுவாகவே "சர்க்கரை சேர்க்காதது" என்ற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், முதல் பொருள் மைதாவாகவோ கோதுமையாகவோ இருக்கும். மால்டிடால் என்ற சர்க்கரை மாற்று இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும்.

குழந்தைங்க படம், வீட்டுப் படம் போட்டா ஏதாவது பிரச்சினையா?

குழந்தை முகம் வேண்டாம் என்பது என் கருத்து, சிலர் ஒத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடச் சீருடை, வீட்டு எண், வண்டி நம்பர் பின்னால் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் இடத் தகவல் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஒட்டிக்கொண்டே வரும். ஊருக்குப் போகிற சேதியைத் திரும்பி வந்து சொல்லுங்கள். அடுத்தவர் சேதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்புவது மட்டும் இங்கே மன்னிப்பே இல்லாத காரியம்.

மத்தவங்க எல்லாம் இளைச்சுட்டாங்க, எனக்கு மட்டும் நின்னுபோச்சு. உங்க படமெல்லாம் பார்த்தா எரிச்சலா வருது.

எரிச்சல் வருகிறது என்று எழுதினீர்களே, அதுவே நல்லது. முதலில் கணக்கு: பாதாமும் கடலையும் கையால் அள்ளுகிறீர்களா? பாதாமின் மாவுச்சத்தில் பாதிக்கு மேல் நார்தான் என்றாலும் கலோரி அதிகம், முந்திரியில் மாவுச்சத்து அதைவிடக் கூட. பால் எத்தனை டம்ளர்? தூக்கம்? தைராய்டு பார்த்தீர்களா? மாதவிடாய் சமயத்தில் தண்ணீர் பிடித்து எடை ஏறி இறங்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இடுப்பை டேப்பால் அளந்து வையுங்கள், தராசு நிற்கும்போது சில சமயம் டேப் நகரும்.

இன்னொன்று, முன்-பின் படங்களை மாதத்தில் ஒரு நாள் மட்டும் போடலாம் என்று மாற்றியிருக்கிறோம். தினமும் யாராவது ஒருவர் இளைத்துக்கொண்டே இருந்தால் பார்க்கிறவருக்கு எல்லோரும் தினமும் இளைக்கிற மாதிரித் தோன்றும். எதுவும் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் குழுவை ம்யூட் செய்துவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இங்க பழக்கமான ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டுப் பணம் கேக்குறாங்க. எப்படி மறுக்கிறது?

முதலில் அது அவர்தானா என்று பாருங்கள். கணக்கைத் திருடி, நண்பர் மாதிரியே பேசி, "அவசரம், ஜிபே பண்ணு" என்று கேட்பது இப்போது சர்வ சாதாரணம். போன் செய்து குரலைக் கேளுங்கள், எடுக்கவில்லை என்றால் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நிஜமாகவே அவர்தான் என்றால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் "என்னால முடியலீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேரம் ஆகிவிடும். ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி விஷயம் என்றால் என்னிடம் சொல்லுங்கள், நேரில் தெரிந்த இருவர் விசாரித்த பிறகு, நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்கே கட்டுகிற மாதிரி பார்ப்போம். குழுவில் பொதுவாகப் பணம் திரட்டுவது கிடையாது.

நான் மறுபடியும் சோறு சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். சொல்லாம வெளிய போயிடட்டுமா?

எதற்கு? ஈரோட்டுத் தோழி ஒருவர் சோற்றுக்குத் திரும்பி ரொம்ப நாளாச்சு, இன்னும் மத்தியானம் ஆனால் தட்டு வந்துவிடும். போன வாரம் தயிர்சாதமும் மோர்மிளகாயும் போட்டார், அந்த மோர்மிளகாய் எங்கே வாங்கினது என்று கேட்டே அன்றைக்கு முழுவதும் பேச்சு ஓடியது. நீங்களும் அப்படியே போடலாம், என்ன, எவ்வளவு என்று இரண்டு வரி எழுதுங்கள். சுகர் மருந்தின் அளவைக் குறைத்துவைத்திருந்தீர்கள் என்றால் மட்டும், சோற்றுக்குத் திரும்பின விஷயத்தை இந்த வாரமே டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.